சுரங்கம் பெருத்திருக்கிறது, என்டிவிஐயும் கூடியிருக்கிறது. எங்கே கோளாறு?

கேள்வி:
முதுகலைத் திட்டப்பணிக்காக ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்தை நடுவில் வைத்து 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டு, 2018க்கும் 2024க்கும் சராசரி என்டிவிஐ (செடிகொடிகளின் பசுமையைக் காட்டும் குறியீடு) எடுத்தேன். குழி பெரிதாகியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் சராசரி ஏறியிருக்கிறது! இதை அப்படியே எழுதினால் பாதிப்பே இல்லை என்றாகிவிடுமே. 2018 படம் கோடையில் எடுத்தது. 2024க்கு மேகமில்லாமல் கிடைத்தது மழை முடிந்த கையோடு எடுத்த படம்தான்.

பதில் 1:
காரணத்தை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். மழை முடிந்ததும் தரிசு நிலம்கூடப் பச்சையாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டுக்கும் ஒரே மாதப் படத்தை எடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்தின் எல்லாப் படங்களிலிருந்தும் மேகத்தை நீக்கிவிட்டு, பிக்சல்தோறும் இடைநிலை மதிப்பை எடுங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கையாளும் கூகுள் எர்த் என்ஜினில் இது சுலபம்.

இன்னொன்று: 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படத்தின் பிக்சல் எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் புதிய படத்தில் என்டிவிஐ பொய்யாகக் குறையும். பருவத்தைச் சரிசெய்துவிட்டு இதை விட்டுவிட்டால், வேண்டிய முடிவு தவறான வழியில் வந்து நிற்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எனக்கு அந்த வட்டத்தின் மேல்தான் கோபம். சுரங்கப் பாதிப்பு அறிக்கைகளைப் படிப்பதே என் வேலை. பத்தில் எட்டில் இதே வட்டம்தான். 5 கிலோமீட்டர் ஆரம் என்றால் 78 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் 2 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தாலும் சராசரி அசையாது. அழிந்த இடத்தைத் தனியாகக் கோடு போட்டு, ஹெக்டேரில் சொல்லுங்கள்.

அப்புறம், கழிவுநீர் வட்டத்துக்குள் நிற்பதில்லை, சரிவைப் பார்த்து ஓடுகிறது. 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் ஃபுண்டாவ் என்ற சுரங்கக் கழிவணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். இரும்புத்தாதுச் சேறு டோசே ஆற்றோடு 600 கிலோமீட்டருக்கு மேல் போய் அட்லாண்டிக்கில் கலந்தது. அங்கே 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால் என்ன தெரிந்திருக்கும்?

நிலத்தின் உயரத்தைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் உயர மாதிரியை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீரோட்டத் திசையைக் கணக்கிட்டு, சுரங்கத்துக்குக் கீழே தண்ணீர் போகும் பாதையை வரையுங்கள். அந்தப் பாதையில் உள்ள நீர்நிலைகளில் சிவப்பு பேண்டின் (சிவப்பு ஒளியைப் பதியும் பட அடுக்கின்) பிரதிபலிப்பைப் பாருங்கள்; கலங்கல் கூடினால் அதுவும் கூடும். சுரங்கத் தண்ணீர் சேராத, அதே மண்ணும் மழையும் உள்ள பக்கத்து வடிநிலத்திலும் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சுரங்கத்தின் கணக்கில் எழுத முடியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! குழியின் கொள்ளளவை 2000இல் விண்வெளியிலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவிலிருந்து கோப்பர்நிக்கஸைக் கழித்துக் கண்டுபிடிக்கலாமா? கீழே போகும் ஓடை ஆறேழு மீட்டர் அகலம்தான், அதில் கலங்கல் தெரியுமா?

பதில் 2:
கழிக்கலாம். ஆனால் கோப்பர்நிக்கஸின் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்தது, அதற்குப் பின் தோண்டியது அதில் வராது. உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதற்கு எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96ஐயும் மற்றது ஈஜிஎம்2008ஐயும் அடிப்படையாகக் கொள்வதால், முதலில் இரண்டையும் ஒரே உயர அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள். 2000இல் அங்கே காடு இருந்திருந்தால் ரேடார் பெரும்பாலும் மரங்களின் மேற்பரப்பைத்தான் அளந்திருக்கும். மரத்தின் உயரமும் குழியின் ஆழமாகச் சேர்ந்துவிடும். சில மீட்டர் வித்தியாசத்தை நம்பவே நம்பாதீர்கள்.

ஓடை தெரியாது. பிக்சல் 10 மீட்டர், கரையும் புல்லும் அதிலேயே கலந்துவிடும். அந்த ஓடை போய் விழும் முதல் பெரிய நீர்நிலையைப் பிடியுங்கள். கரையிலிருந்து இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி அளவெடுங்கள். கரைந்த உலோகமும் அமிலத்தன்மையும் படத்தில் நேரடியாகத் தெரியாது. அதற்கு அதே நீர்நிலையிலும் ஓடையிலும் தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செயற்கைக்கோள் கடக்கும் நாளிலேயே எடுத்தால் கலங்கல் அளவையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.