'நாட்' இல்லாத வாக்கியத்திற்கு எந்த வினா ஒட்டு?

கேள்வி:
ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் சேர்க்கும் சிறு கேள்வியே வினா ஒட்டு (கொஸ்டின் டேக்); உடன்பாட்டு வாக்கியத்திற்கு எதிர்மறை ஒட்டும், எதிர்மறை வாக்கியத்திற்கு உடன்பாட்டு ஒட்டும் வரும் என்பதை அறிவேன். ஆனால் 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்பதில் 'நாட்' இல்லாதபோதும் 'டஸ் ஹி' என்றே முடிக்கிறார்களே, அது ஏன்? ஒட்டைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டுமா, தாழ்த்த வேண்டுமா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
'ஹார்ட்லி', 'நெவர்', 'செல்டம்', 'ஃபியூ' போன்றவை பொருளளவில் எதிர்மறையானவை என்பதால் அவற்றை அடுத்து வரும் ஒட்டு உடன்பாடாகவே அமையும். 'எ ஃபியூ' என்று வந்தால் மட்டும் கவனம் தேவை. அது உடன்பாட்டுப் பொருள் தருவதால் ஒட்டு எதிர்மறையாகிவிடும்.

மறுமொழி 2:
குரலைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பேச்சில் ஒட்டின் வடிவத்தைவிட அதுவே முக்கியம் என்பது என் கருத்து. 'யூ லாக்ட் த டோர், டிட்ன்ட் யூ' என்று சொல்லும்போது இறுதியில் குரல் உயர்ந்தால், கதவு பூட்டப்பட்டதா என்பது பேசுபவருக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றும், தாழ்ந்தால், தாம் அறிந்ததைக் கேட்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறார் என்றும் பொருள்படும்.

மறுமொழி 3:
விதிவிலக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆம் லேட்' என்பதற்கு 'ஆர்ன்ட் ஐ' என்றும், 'லெட்ஸ் கோ' என்பதற்கு 'ஷல் வி' என்றும் வரும். 'ஐ டோன்ட் திங்க் ஹி இஸ் கமிங்' என்பதற்குப் பலர் 'டூ ஐ' என்று சேர்க்கிறார்கள். கேள்வி அவர் வருவதைப் பற்றியது என்பதால் 'இஸ் ஹி' என்பதே சரி.