ஐயா வீட்டு இசைத்தட்டும் ரஸ்தா கொட்டகையும்: பழைய பாடகர்கள், உங்களுக்கு நடந்தது

கானாடுகாத்தான் பேரன்:

நாலு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிறது, இங்கே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குள் பித்தளைத் தூக்கு பார்க்கலாம் என்று நுழைந்தேன். மூலையில் ஒரு வாளிக்குள் 78 தட்டுகளை, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளை, செருகி வைத்திருந்தார்கள். முதலில் கையில் வந்தது பழைய நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேபிள் ஓரத்தில் நீல மையில் எங்கள் ஐயாவின் (அப்பாவின் அப்பா) விலாசம், அதாவது பெயர் எழுத்துகள்! நம் பக்கம் அண்டாவில் இருந்து கரண்டி வரைக்கும் விலாசம் வெட்டுவார்கள், தெரியும்தானே. எங்கள் ஐயா தட்டில்கூட எழுதி வைப்பார், 'ழ'வின் வாலை மட்டும் கீழே நீட்டி இழுத்திருப்பார்.

சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்து கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுப்பார். கிட்டப்பா 1933இல் போய்விட்டார், 28 வயதுகூட நிறையவில்லை. பாட்டு முடிந்த பிறகும் ஐயா முள்ளை எடுக்க மாட்டார், அந்த உரசல் சத்தம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் யாரும் பேசக் கூடாது. அப்புறம் வீட்டைப் பங்கு பிரித்தபோது சாமான்கள் எல்லாம் நாலா பக்கமும் போய்விட்டன.

கடைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு சொன்னார். பையில் பணம் இருந்தது. எங்கள் வீட்டுத் தட்டை நானே காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு வீம்பு, வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். வாளி இருந்தது, அந்தத் தட்டு இல்லை.

ரஸ்தா வீட்டுப் பேத்தி:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. என் கதை எங்கள் அப்பத்தாவுடையது. யுத்த காலத்தில் ஏவி. மெய்யப்ப செட்டியார் நம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியது எல்லாருக்கும் தெரியும், 1947இல் வந்த 'நாம் இருவர்' படம் அங்கே எடுத்ததுதான். அப்பத்தாவுக்கு அப்போது 12 வயது. வீட்டில் இருந்து மோர் கொண்டுபோனபோது குமாரி கமலா ஆடுவதைப் பார்த்திருக்கிறார். தன் வயசுப் பிள்ளை ஆடுகிறது, பெட்டியில் இருந்து பாரதியார் பாட்டு வருகிறது. இந்தச் சின்னப் பிள்ளைக்கா இவ்வளவு கனமான குரல் என்று வாயைப் பிளந்து நின்றாராம். பாடியது டி. கே. பட்டம்மாள் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ரேடியோவில் பட்டம்மாள் என்று சொன்னால் போதும், படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

2009 ஜூலையில் பட்டம்மாள் காலமான செய்தி டிவியில் ஓடியது. அப்பத்தா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "இவுகதானா அது?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவருக்கு அந்த முகமே தெரியாது. பட்டம்மாள் அம்மா இருந்த காலத்திலேயே ஒரு கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் தோன்றும்.

இன்னொன்று, கிட்டப்பா தட்டில் அவ்வளவு உச்சத்தில் பாடுவது பெட்டி வேகமாகச் சுற்றியதால்தான் என்று எங்கள் மாமா சொல்வார்.

கோட்டையூர் மைக் செட்:

உங்கள் மாமா சொன்னது பாதிதான் சரி தங்கச்சி. பெட்டி வேகமாக ஓடினால் சுருதி ஏறும், உண்மை. ஆனால் கிட்டப்பா மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய மனுஷர். அந்த உச்சம் அவர் தொண்டையில் இருந்தது. அதைப் பெட்டியின் கணக்கில் எழுதாதீர்கள்.

என் கதை சின்னது. 1988 மார்ச் 24, சீர்காழி கோவிந்தராஜன் இறந்த அன்று எங்களுக்கு ஒரு காதுகுத்து வீட்டில் செட். சேதி வந்ததும் வீட்டுக்காரரே வந்து, "சினிமாப் பாட்டு வேணாம்ப்பா, அவர் முருகன் பாட்டாப் போடு" என்றார். விடிய விடியப் போட்டேன். புளியமரத்தில் கட்டியிருந்த கூம்புக் குழாய்க்கு அடியில் ஒரு வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், காலையில்தான் போனார்.

கானாடுகாத்தான் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தட்டு திரும்பக் கிடைத்தால் ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். 78 தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பாட்டோடு போய்விடும். மெத்தென்ற பிரஷ் வைத்துப் பள்ளத்தின் போக்கிலேயே தூசி தட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், கனத்தில் விரிசல் விடும், நெட்டுக்குத்தாக நிற்க வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மொட்டை மாடி அறையில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும், வீட்டுக்குள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் வையுங்கள், அங்கேதான் குளிர்ச்சி. சாவிப் பெட்டியில் போடுவதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள், தேய்ந்த முள் பள்ளத்தை அரித்துவிடும். கரண்டுப் பெட்டி என்றால் பிற்கால எல்பி தட்டுக்கான முள் ஆகாது, 78க்குப் பள்ளம் அகலம், அதற்கென்று தனி முள் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். முதல் தடவை போடும்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், இரண்டாம் தடவை என்பது நம் கையில் இல்லை.

பள்ளத்தூர் மருமகள்:

தட்டே கையில் இல்லாதவருக்கு இவ்வளவு யோசனையா அண்ணாச்சி! அவர் கேட்டது அதுவா?

எங்கள் வீட்டில் மாமியாரும் அவர் தங்கச்சியும் ஒரே வளவு வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் கேசட் தேயத் தேயக் கேட்டு, அதே வேகத்தில் ஆளுக்கொரு வரியாகச் சொல்வார்கள், ஒருவர் காய் நறுக்கிக்கொண்டு, ஒருவர் பூக் கட்டிக்கொண்டு. சூலமங்கலத்தில் ஜெயலட்சுமி எது, ராஜலட்சுமி எது என்று பிரிக்க முடியாது. ஆனால் இவர்கள் இருவரையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன், மாமியாருக்கு 'ர' கொஞ்சம் அழுத்தமாக வரும்.

போன ஐப்பசியில் சின்னத்தை தவறிவிட்டார். பதினாறு கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மாமியார் விளக்கேற்றிவிட்டு ஆரம்பித்தார். தன் வரியைச் சொன்னார், நிறுத்தினார். கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த தன் வரி. நடுவில் இருந்ததைச் சொல்லவே இல்லை. நான் அடுப்படியில் நின்றிருந்தேன், எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். எடுத்துச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கானாடுகாத்தான் பேரன்:

அக்கா, அடுத்த செவ்வாய்க்கிழமை மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், நீங்கள் சொல்லலாமா என்று.

கோட்டையூர் அண்ணாச்சி, எழுதி வைத்துக்கொண்டேன், புது முள் உட்பட. கடைக்காரர் வெளியூர்க்காரர் ஒருவர் மொத்த வாளியையும் பார்த்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போனதாகச் சொல்கிறார். இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது கிட்டப்பா தட்டு இருந்தால் லேபிளின் ஓரத்தை ஒரு தடவை பாருங்கள், நீல மை, வால் நீண்ட 'ழ'. திருப்பித் தர வேண்டாம். ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.