கலைச்சொல் வேண்டும்: எயார் ரைபிளில் ‘டீசலிங்’

கொக்குவிலிலிருந்து:
வணக்கம். சுடு பயிற்சிக்கு வரும் பெடியளுக்குப் பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எங்களிடம் இருப்பது திருத்திப் புதுக்கிய பழைய எயார் ரைபிள், 4.5 மில்லிமீற்றர். உள்ளிருக்கும் சுருள்வில்லை மாற்றியவர் எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறார். சுட்டால் குழல்வாயில் புகை, தீய்ந்த மணம், காதடைக்கும் சத்தம். முசலம் (பிஸ்டன்) பாய்ந்து வளியை அமுக்க, அது சூடேறி, முன்னால் கிடக்கும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. சைக்கிள் பம் அடிக்க அடிக்கக் கையைச் சுடுமே, அந்தச் சூடுதான், பல மடங்காக. ‘அமுக்கத்தீ’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

சென்னையிலிருந்து:
இங்கே அதைப் படித்தால் யாரோ தீயை அமுக்கி அணைத்ததாகத்தான் தோன்றும். ‘அழுத்தத்தீ’ என்றால் இரு கரைக்கும் புரியும்.

கொக்குவிலிலிருந்து:
எங்கள் பாடநூலில் அமுக்கம்தான் ஐயா. கையேடு யாழ்ப்பாணத்துக்கு.

நல்லூரிலிருந்து:
முதலில் ‘முசலம்’ வடசொல், பொருள் உலக்கை. அதை விட்டுவிட்டுத் தீயைப் பிடித்துச் சண்டை போடுகிறோம். புறநானூற்றில் அதியமானை ஔவையார் இல்லிறையில், அதாவது வீட்டுக் கூரையின் இறப்பில், செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். வெளியே தெரியாது, வேண்டும்போது கனலும். ஆகவே ‘ஞெலிதீ’. வினைத்தொகை, வலி மிகாது. தயவுசெய்து ‘ஞெலித்தீ’ என்று அச்சடிக்க வேண்டாம்.

கொக்குவிலிலிருந்து:
மாஸ்டர், ஞெலிகோல் கடைந்து தீ எடுப்பது. இங்கே உரசலே இல்லை.

நல்லூரிலிருந்து:
மலாய் நாட்டில் குழாய்க்குள் தண்டைச் சட்டென்று அடித்துப் பஞ்சில் தீ மூட்டும் கருவி உண்டு. முழுக்க அமுக்கம்தான். கடாரம் போய் வந்த நம்மவர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்?

திருநெல்வேலியிலிருந்து:
கடாரம் வரை போய்விட்டோம், துவக்கு இன்னும் புகைக்கிறது. டீசல் என்பது, வளியை அமுக்கிய சூட்டிலேயே எரிபொருள் பற்றும் எஞ்சினை உருவாக்கி, 1913இல் கப்பலிலிருந்து காணாமற்போன ருடோல்ஃப் டீசலின் பெயர். வோல்ட்டையும் வாற்றையும் மொழிபெயர்த்தோமா? அப்படியே விடலாம் என்பேன். ஆனால் ஒரு சிக்கல். சத்தம் கூடினால் துவக்குக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்து, இன்னும் இரண்டு துளி விடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ‘தீ’ என்று பெயர் வைத்தால் கேட்கவே வேண்டாம். பழுது என்று தெரிகிற பெயர் வேண்டும்: ‘எண்ணெய்த் தீய்வு’. புதுக்கிய துவக்கில் சில வேட்டோடு நின்றால் கவலையில்லை. நிற்காவிட்டால் கழற்றி, அமுக்க அறையைத் துடைத்து, மொலிப்டினம் கிறீஸை மட்டாகப் பூச வேண்டும். அசட்டையாக விட்டால் முசலத்தின் சீல் கருகும், வில்லும் முறியலாம். கழற்றும்போது வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி கட்டாயம். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சென்னையிலிருந்து:
தீய்வு நன்று. தோசை ஞாபகம் வருகிறது, பரவாயில்லை.

கொக்குவிலிலிருந்து:
சரி, மூன்று பேர் ஒத்துக்கொண்டாயிற்று. ‘எண்ணெய்த் தீய்வு’ போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘டீசலிங்’.

நல்லூரிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்க. காரணம் அமுக்கம், எண்ணெய் வெறும் விறகு. விறகின் பெயரை அடுப்புக்கு வைப்பதில்லை. அப்புறம், ‘சீல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன வழி?