தாத்தாவின் பனைவிளையில் ஒரு சிறு அருங்காட்சியகம்: மரத்தை வெட்டாமல் எப்படிக் கட்டுவது?

அக்கானிப்பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம் எங்களுக்கு 62 சென்ட் விளை (தோப்பு) இருக்கிறது. செம்மண், 34 பனை, தெற்கே லேசான சரிவு. கடல் 800 மீட்டர் தூரம். எங்கள் தாத்தா இந்த விளையில் நாற்பது வருடம் பனையேறினார். அவருடைய பாளை அரிவாள், அதை வைக்கிற அருவாப்பெட்டி, மரம் ஏற உதவுகிற முருக்குத்தடி, பாளையை நெரிக்கிற இடுக்கி, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயங்கள், கருப்பட்டி ஊற்றிய சிரட்டைகள் எல்லாம் வீட்டு மச்சில் கிடக்கின்றன. அதை வைக்க ஓர் இடம் கட்டலாம் என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம்.

தெரிந்த இன்ஜினியர் ஒருவர் பிளான் போட்டுத் தந்தார். 1,800 சதுர அடி ஹால், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், ஏசி. அதற்கு ஒன்பது பனை போக வேண்டுமாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் விரும்புவது வேறு. சிதறால் மலைக்கு ஏறியிருப்பீர்கள். மேலே பாறைச் சரிவுக்குக் கீழே ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அங்கே யாரும் ‘பேசாதே’ என்று போர்டு வைத்து நம்மை அடக்குவதில்லை. ஏறி வந்த மூச்சும், காற்றும், அந்தப் பாறையின் நிழலும் சேர்ந்து தானாகவே வாயை மூடவைக்கும். எங்கள் விளைக்கு வருகிறவர்களும் ஒரு கருவியைப் பார்க்கும் முன்னால் பத்து நிமிடமாவது பனையோலை உரசுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். கையில் 18 லட்சம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஓட்டுக்கூரை:

தங்கச்சி, முதலில் அந்தப் பிளானை ஓரமாக வையுங்கள். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். நான் தக்கலையில் இருபது வருடமாக வீடு கட்டுகிறேன். கடலோரத்தில் கம்பி போட்ட கான்கிரீட் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தவன். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்து வீங்கும், மேலே இருக்கிற சிமென்ட் பாளம் பாளமாக விழும். செங்கல்லோ வெட்டுக்கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். மேலே ஓடு. இறவாரத்தை நன்றாக இறக்கி விடுங்கள், ஆனி ஆடியில் மேல்காற்றோடு வருகிற சாரல் சுவரைத் தொடக்கூடாது.

வெளிச்சத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் மந்திரசாலையில் (ராஜா ஆலோசனை நடத்திய கூடம்) கால் மணி நேரம் நில்லுங்கள். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும். உள்ளே மரப்பட்டிகள் வழியாக வடிகட்டி வருகிற வெளிச்சம்தான், கண்ணாடியே தேவைப்படவில்லை.

ஜப்பானில் தெஷிமா என்ற தீவில் 2010-ல் திறந்த ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரியூவே நிஷிஸாவா வடிவமைத்தது. மண்ணைக் குன்றாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகியபின் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். 40 மீட்டருக்கு 60 மீட்டர், உயரம் மிஞ்சிப்போனால் நாலரை மீட்டர், ஒரு தூண் கிடையாது. கூரையில் இரண்டு பெரிய திறப்பு. மழையும் காற்றும் பறவைச் சத்தமும் உள்ளே வரும். உள்ளே கலைஞர் ரெய் நைதோவின் படைப்பு ஒன்றே ஒன்று, தரையிலிருந்து ஊறித் துளித்துளியாக நகர்கிற தண்ணீர். வாசலுக்கு நேராக விட்டுவிட மாட்டார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு குன்றைச் சுற்றி நடந்துதான் போக வேண்டும். நமக்கு அந்தக் கான்கிரீட் வேண்டாம், அந்த நடையை எடுத்துக்கொள்ளலாம். ரோட்டிலிருந்து நேர்வழி போடாமல், 34 மரத்தையும் சுற்றிப் போகிற மண்பாதை போடுங்கள். பாதி அருங்காட்சியகம் அதுதான்.

இன்னொன்று. நம் ஊரில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். கூரையில் ஒரு சாண் வட்டத் திறப்பு வைத்தால், அந்த நாட்களில் நடுப்பகலில் வெளிச்சம் நேர் கீழே விழும். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழுகிறதே, அந்தக் கணக்குதான். சித்திரைக்கு முன்னால் அக்கானி (பதநீர்) இறங்குகிற நேரம். கீழே ஒரு கலயம் வையுங்கள்.

சுவடிக்காவலன்:

ஓட்டுக்கூரை அண்ணன் சொன்னது அழகு. ஆனால் எல்லாவற்றையும் திறந்த கூடத்தில் வைத்தால் ஐந்து வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. அரிவாளை உப்புக்காற்று தின்றுவிடும். ஓலை, நார்ப் பொருட்களைப் பூச்சியும் பூஞ்சையும் பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பொருட்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அளவு, வெயில் நேராகப் படவே கூடாது. வடக்குப் பக்கம் தடித்த சுவரோடு ஒரே ஒரு சிறிய அறை கட்டுங்கள். அருவாப்பெட்டி, நார், பழைய அரிவாள் அதற்குள் போகட்டும். மண்கலயமும் கல்லும் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பொருளையும் யார் எப்போது பயன்படுத்தினார் என்று இப்போதே எழுதி வையுங்கள், பாட்டி இருக்கும்போதே.

முருக்குத்தடி:

அக்கா, எங்கள் அப்பாவும் பனையேறிதான். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அமைதி, தியானம் என்று பேசும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து மரம், காலையும் மாலையும். மரம் உரசி உரசி அப்பாவின் நெஞ்சில் இருந்த காய்ப்பைத் தொட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும். வருகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு, அந்தக் காய்ப்பு தெரியாமலே போய்விடக் கூடாது.

அப்புறம், கட்டிடத்துக்கு ஏன் ஜப்பான் வரை போக வேண்டும்? அக்கானி காய்ச்சுகிற விடிலி இருக்கிறதே. ஓலைக்கூரை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். புகை மணம், அடுப்புச் சூடு, அரை இருட்டு. என் சின்ன வயதில் ஊரிலேயே அமைதியான இடம் அதுதான், ஏனென்றால் வேலை செய்கிறவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.

அக்கானிப்பேத்தி:

தம்பி, தப்பாக நினைக்கவே இல்லை. உங்கள் பதிலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ‘தாத்தாவுக்கும் அப்படித்தான் காய்ச்சுக் கிடந்தது’ என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். அதை இத்தனை வருடமாக நான் கேட்டதே இல்லை.

அண்ணனோடு பேசியாயிற்று. பாதை முதலில். அது முடிகிற இடத்தில், தாத்தா கடைசி வரை ஏறிய மரத்தின் கீழே ஒரு விடிலி, வட்டத் திறப்பு இல்லாமல். திறப்பும் கலயமும் பக்கத்து ஓட்டுக்கூடத்துக்கு. வடக்கே சின்ன அறை. அந்த ஒரு மரத்தில் மட்டும் சீசனில் யாராவது ஏறி அக்கானி இறக்க வேண்டும், வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்குரிய கூலி மாதச் செலவில் முதல் வரியாக இருக்கும்.

சுவடிக்காவலன் சார், நேற்று முதல் நோட்டு போட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். பதினொரு பொருள் முடிந்தது. முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் விடிலி வேயத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் நேரில் போய்ப் பார்க்கிறேன்.