'சூது கவ்வும்' முதல்முதல் எங்க, ஆரோட பாத்தனீங்கள்?

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். 2013 மே மாதம் வெளிவந்த படம், எங்கட வீட்டுக்குச் சிடியாத்தான் வந்தது. "என்ன கதை?" எண்டு சித்தி கேட்டா. "ஆள்கடத்தல். பகிடிப் படம்" எண்டான் தம்பி. மனுசிக்கு முகம் மாறிட்டுது. ஆக்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான் எண்டாலே சனம் ஒடுங்கின காலம் அப்ப எங்களுக்கு ஆறேல்லை. "அதில என்னடா பகிடி" எண்டிட்டுக் குசினிக்குள்ள போட்டா.

கடத்திற கூட்டத்தின்ர தலைவன் தாஸ் (விஜய் சேதுபதி) தன்ர விதிகளைச் சொல்லத் தொடங்க, சித்தி மெல்ல வந்து வாசலில நிண்டா. அதிகாரத்தில இருக்கிறவனில கை வைக்கக் கூடாதாம், குடுக்கக்கூடிய காசைத்தான் கேக்கவேணுமாம்! பிறகு, கடத்தப்பட்ட அமைச்சர் மகனே கடத்தினவங்களோட பங்குக்குச் சேர்ந்து தகப்பனிட்டக் காசு பறிக்க வெளிக்கிட, சித்தி வாய்விட்டுச் சிரிச்சா. கருணாகரன் அந்த மகனை அப்பாவி முகத்தோடயே செய்தது எவ்வளவு பொருத்தம்! நலன் குமரசாமிக்கு இது முதல் படம். கடத்திறவங்களை அவர் வீரனாவும் காட்டேல்லை, பூதமாவும் காட்டேல்லை. நரைச்ச தாடியோட விஜய் சேதுபதி, தன்ர மனசுக்குள்ள மட்டும் இருக்கிற ஷாலுவோட கதைச்சுக்கொண்டு திரியிறார். அவரைப் பாத்து ஆர் பயப்பிடுவினம்?

எம்.எஸ். பாஸ்கரைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நேர்மையான அமைச்சரா அவர் துளியும் பகிடி விடாம நடிக்கிறார். அந்த மனுசன் அப்பிடி நிண்டதாலதான் மற்றவை செய்யிற கூத்தெல்லாம் சிரிப்பாகுது.

மறுமொழி:

அக்கா, நான் முல்லைத்தீவு. பிரம்மாவை விட்டிட்டியளே! யோக் ஜேபியின்ர அந்த இன்ஸ்பெக்டர் வாயே திறக்கிறேல்லை. எங்கட கோவலன் கூத்தில ஆள் களரிக்கு, அதாவது கூத்தாடுற இடத்துக்கு, வந்தா வரவுப் பாட்டுப் படிக்கவேணும், அப்பத்தான் ஆரெண்டு தெரியும். இவர் ஒரு சொல்லும் இல்லாம வந்து நிக்க, பாத்துக்கொண்டிருந்த பெடியள் எல்லாம் கப்சிப். அதுவரைக்கும் பகிடியா ஓடின படம் அவர் வந்தவுடன வேற படமா மாறுது. பிறகு அவற்ற கள்ளத் துவக்கு அவரிலயே வெடிக்க, திரும்பவும் பகிடி. கூத்தில வேசம் கட்டின எங்கட பெரியப்பா பக்கத்தில இருந்தவர். "டேய், அந்தாள் வாற இடத்தை இன்னொருக்காப் போடு, நடையைப் பாக்கவேணும்" எண்டார்.