சின்ன பாய்ப் படகில் ரேடார்: எங்கே மாட்டினீர்கள், பனியில் என்ன கண்டீர்கள்?

கேட்டலினா 22 (ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் 22 அடிப் பாய்ப் படகு), அனகோர்ட்டஸ், வாஷிங்டன் மாநிலம்

போன ஆகஸ்டில் ரொசாரியோ நீரிணையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேடாரை எப்படிப் பொருத்தினேன் என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

காலையில் வாஷிங்டன் பார்க் சரிவில் படகை இறக்கும்போது எதிரே தீவுகள் பளிச்சென்று தெரிந்தன. தாட்சர் பாஸ் வரை ஒரு மணி நேரப் பயணம். சான் ஹுவான் தீவுப் பக்கம் ஆகஸ்டை 'ஃபாகஸ்ட்' (ஃபாக் என்றால் பனிமூட்டம்) என்றே சொல்வார்கள், அவ்வளவு பனி. பாதி வழியில் அது வந்துவிட்டது. காற்றும் இல்லை. பாயைச் சுருட்டிவிட்டு அவுட்போர்டில் (பின்னால் மாட்டும் மோட்டாரில்) மெதுவாகப் போனோம். படகின் முன்முனை தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை மட்டும்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீளமாக ஒரு ஊதல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கத்திலிருந்து பதில் போல ஓர் ஊதல் வந்தது. ஒன்று நீளம், இரண்டு குறில். கடலில் மோதலைத் தவிர்க்கும் விதிகளில் 35-ஆவதன்படி பாயில் ஓடும் படகும் அப்படித்தான் ஊதும், மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகும் அப்படித்தான், இன்னொன்றை இழுத்துப் போகும் படகும் அப்படித்தான். காதை வைத்துப் பிரிக்க முடியாது. ஏஐஎஸ்ஸில் (கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் அறிவிக்கும் கருவியில்) பார்த்தால் ஓர் இழுவைப் படகு, ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல் மைல்) வேகத்தில் வடக்கே போகிறது. சரி, அது முன்னால் கடக்கட்டும், அதன் பின்னால் நாம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "இங்க ரெண்டு தெரியுதே" என்றாள்.

இரண்டு புள்ளிகள், நடுவில் கால் கடல் மைல். பின்னால் இருந்ததுதான் பெரியது. இரண்டுக்கும் ஒரே திசை, ஒரே வேகம். இழுவைப் படகின் பின்னால் ஒரு பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டையான மிதவைக் கலம்) வந்துகொண்டிருந்தது. அந்தப் பார்ஜில் ஏஐஎஸ் இல்லை. இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்குள் தொங்கியபடி எஃகு வடம். நான் நுழையப் பார்த்த இடைவெளி அதுதான்.

எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். இழுவைப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு அலை வந்து படகை ஆட்டியது. இரண்டையும் நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை.

இனிப் பொருத்திய கதை. முதலில் பழைய மேக்னெட்ரான் வகை ரேடார் ஒன்றை வாங்கிப் பாய்மரத்தின் முன்புறம் மாட்டியிருந்தேன். பெரிய படகுகளில் அங்கேதான் இருக்கும் என்பதால் நானும் அப்படியே செய்தேன். ஆனால் நம் படகுகளில் ஒவ்வொரு முறையும் பாய்மரத்தைச் சாய்த்து ட்ரெய்லரில் படுக்கப்போட வேண்டும். அந்த ரேடார் சட்டியின் (ஆன்டெனா சுழலும் வட்டக் கூட்டின்) எடையோடு மரத்தை நிமிர்த்துவது இரண்டு பேருக்கே திணறல். மடிக்கும் இடத்தில் கேபிள் நசுங்கியது. ஒரு சீசனோடு கழற்றிவிட்டேன்.

உயரத்தில் வைத்தால்தானே தூரம் தெரியும் என்று கேட்பார்கள். ரேடாரின் தொடுவானக் கணக்கு எளிது: மீட்டரில் உயரம், அதன் வர்க்கமூலம், அதை 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைல். பாய்மரத்தில் 6 மீட்டரில் வைத்தால் 5.4 மைல். பின்பக்கக் கம்பத்தில் 2.7 மீட்டரில் வைத்தால் 3.6 மைல். எதிரே வருவது உயரமான கப்பல் என்றால் அதன் உயரமும் சேர்ந்து இதைவிடத் தொலைவிலேயே தெரிந்துவிடும். 15 நாட்டில் வரும் கப்பலுக்கு 3.6 மைல் கடக்க 14 நிமிடம் ஆகும். ஐந்து நாட் படகுக்கு அந்த 14 நிமிடம் போதும். பனியில் நான் திரையை ஒன்றரை மைலுக்கு மேல் விரிப்பதும் அபூர்வம். நம்மைப் போன்றவர்களுக்கு ரேடார் அந்தக் கடைசி ஒரு மைலுக்குத்தான்.

இப்போது இருப்பது ரேமரின் குவாண்டம், 5.6 கிலோ. படம் வைஃபையில் வந்துவிடுவதால் மின்சார ஒயர் மட்டும் போதும். ஓடும்போது 17 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியருக்கும் கீழே. எட்டு மணி நேரம் ஓடினாலும் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் எட்டில் ஒரு பங்கைத் தொடாது. கம்பம் அலுமினியக் குழாய். இடது பக்கம் அவுட்போர்டு இருப்பதால் வலது ஓரத்தில் நிறுத்தினேன். பின்கைப்பிடியிலிருந்து இரண்டு முட்டுக்கம்பிகள். பின்பலகையின் உட்பக்கம் ஒரு தகடு கட்டாயம் வையுங்கள். வெறும் ஃபைபரில் போல்ட் போட்டால் கம்பத்தின் ஆட்டத்துக்கு அது சீக்கிரம் வெடிப்புவிடும். பூம் (பாயின் அடிக்கம்பம்) திரும்பும்போது சட்டியில் இடிக்காதா என்று துளை போடுவதற்கு முன் ஆட்டிப் பாருங்கள், சட்டியின் விட்டம் 54 செ.மீ. இருக்கிறது. நிற்பவர் தலைக்கு மேலேயும் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் சட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக் கேபினுக்குள் வைத்துவிடுகிறேன். ஒரு பின்னை உருவினால் கம்பமும் கையோடு வந்துவிடும்.

மறுமொழி: 26 அடிப் படகு, பெனோப்ஸ்காட் விரிகுடா, மெயின் மாநிலம்

படித்து முடித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு அந்த வடத்தின் பகுதியைப் படிக்கச் சொன்னேன், அண்ணா.

எங்கள் பக்கம் ஜூலைப் பனியில் பயம் கப்பலைப் பற்றியதல்ல, லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பிடிக்கும் படகுகளைப் பற்றியது. நான் சந்தித்த பலவற்றில் ஏஐஎஸ் இல்லை. பொறிகளை எடுத்தபடி வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் 'இதே திசையில் போகிறான்' என்று எந்தக் கணக்கும் நிற்காது. போன வருடம் இரண்டு படகுகளுக்கு நடுவே ரேடாரை மட்டும் நம்பி வெளியே வந்தேன். ஒருவர் எனக்கு ஐம்பது மீட்டரில் பனியிலிருந்து வெளிப்பட்டு, கையை உயர்த்திவிட்டு மறுபடி பனிக்குள் போனார்.

ஆனால் என்னுடையது இன்னும் பாய்மரத்தில்தான் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல். இப்படிப்பட்ட பல சட்டிகளின் கதிர் மேலும் கீழுமாக 25 டிகிரி விரியும், மேலே 12.5, கீழே 12.5. நல்ல காற்றில் படகு 20 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் தண்ணீரைப் பார்க்கிறது, மறுபக்கம் வானத்தைப் பார்க்கிறது. காற்று வரும் பக்கத்திலிருந்து வந்த ஒரு மோட்டார் படகு திரையில் விழவே இல்லை. பாயைச் சுருக்கி நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது. சாய்வைச் சரிசெய்யும் தாங்கிகள் கிடைக்கின்றன. அடுத்த சீசனில் உங்களைப் போலக் கம்பத்துக்கு மாற்றி, அந்தத் தாங்கியையும் சேர்த்துவிடப்போகிறேன்.

மறுமொழி: இன்னும் வாங்காதவர்

நண்பர்களே, பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. ஏஐஎஸ்ஸா, ரேடாரா?

கேட்டலினா 22, அனகோர்ட்டஸ்

கப்பல் பாதை நடுவே போகிறீர்கள் என்றால் முதலில் ஏஐஎஸ். விலை குறைவு, கப்பலின் பெயரும் வேகமும் தெரியும், அனுப்பும் வசதியும் உள்ள வகை என்றால் உங்களையும் அவர்களுக்குக் காட்டும். கூடவே விஎச்எஃப் ரேடியோவில் கப்பல் போக்குவரத்து அலைவரிசையைக் கேளுங்கள், எங்கள் பக்கம் அது 5ஏ. ஆனால் பனி வழக்கமாக இறங்கும் இடம் என்றால் என் கை ரேடார் பக்கம்தான் போகும். பார்ஜும் சின்னப் படகும் பாறையும் அதில்தான் தெரியும். மிதக்கும் மரக்கட்டையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நீர்மட்டத்தில் கிடப்பதை அது காட்டாது, கயாக்கும் பல நேரம் நழுவிவிடும்.

இன்னொன்று. படகில் ரேடார் வேலைசெய்யும் நிலையில் இருந்தால் அதைச் சரியாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி 7 சொல்கிறது. நாங்கள் முதல் மாதம் முழுக்க வெயிலில்தான் ஓட்டினோம். ஒரு மிதவையைக் கண்ணால் பார்ப்பது, உடனே திரையில் தேடுவது. கடல் அலையின் சிதறலைக் குறைக்கும் குமிழை அதிகம் திருப்பினால் பக்கத்தில் இருக்கும் சின்னப் படகும் சேர்ந்து அழிந்துபோகும். அதை ஒரு தெளிவான மதியத்தில், ஒரு மீன்பிடிப் படகு எங்கள் கண்ணெதிரே இருக்கும்போதே திரையிலிருந்து மறைந்ததைப் பார்த்துத்தான் கற்றோம். இப்போது பனியில் அந்தக் குமிழ் என் மனைவியின் கையில்தான் இருக்கும்.