பாட்டா வீட்டுக் குழுவில் ஒரு கேம்ஷாஃப்ட் பஞ்சாயத்து

*குழு: பாட்டா (தாத்தா) வீடு, தக்கலை. வியாழன் இரவு*

ஜெபா அக்கா 8:12
ஞாயிறு நிச்சயத்துக்கு இன்னும் இரண்டு நாள். பாட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு எஞ்சின் துண்டு கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முந்திரிக்கொத்து தட்டை அதன் மேலா வைக்க?

ஷீபா மாமி 8:13
கர்த்தாவே

அஜின் 8:15
அக்கா, அது பாட்டாவின் எஸ்டீம் காருடைய சிலிண்டர் ஹெட், எஞ்சினின் மேல் மூடி. சனிக்கிழமை எடுத்துவிடுவேன். இப்போது ஒரு அவசரம். எந்த கேம், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், என்று கோயம்புத்தூர் மெக்கானிக் அண்ணனுக்கு இன்று பத்து மணிக்குள் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நாளை வேலை தொடங்குவார். 264 டிகிரி ஒன்று, 288 டிகிரி ஒன்று. எஞ்சின் சுற்றில் வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்ற கணக்கு அது.

செல்வின் சித்தப்பா 8:15
288

செல்வின் சித்தப்பா 8:16
எது பெரிசோ அதைப் போடுலே

அஜின் 8:21
சித்தப்பா, அப்படி இல்லை. டிகிரி கூடினால் பவர் சும்மா கூடிவிடாது, மேல் ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) நகரும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். 7000-ல் காற்று வருகிற வேகத்துக்கு அது நல்லது, பிஸ்டன் ஏறினாலும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். 2000-ல் அதே கேம் போட்டால் உள்ளே வந்ததைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். இழுவை இருக்காது. இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் கூடுவதால் ஐடிலில் வண்டி குலுங்கும். கம்ப்ரஷனையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

பெரியப்பா மஸ்கட் 8:24
இப்போதுதான் டியூட்டி முடிந்தது. என் ஆர்எக்ஸ் 100-ல் கேமே கிடையாது. ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே பறக்கும்.

அஜின் 8:24
அது டூ ஸ்ட்ரோக் பெரியப்பா. அதில் கேமும் இல்லை, கேம் தூக்குகிற வால்வும் இல்லை.

பெரியப்பா மஸ்கட் 8:25
அதைத்தான் சொன்னேன். இல்லாத சாமானுக்குச் செலவும் இல்லை.

ஷீபா மாமி 8:26
ஜெபா, சக்கை வறுத்தது எத்தனை கிலோ சொல்ல? ஏத்தங்காய் போதுமா?

ஜெபா அக்கா 8:26
இரண்டும் சொல்லுங்கள் மாமி. போன தடவை பத்தாமல் போய் யார் யார் என்ன பேசினார்கள் என்று மறக்கவில்லை.

அஜின் 8:30
அந்த 264, 288 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஒருவர் வால்வு லேசாக அசைந்த உடனே அளக்கத் தொடங்குவார், இன்னொருவர் 1 மி.மீ. தூக்கிய பிறகு அளப்பார். 1 மி.மீ. லிஃப்டில் இரண்டும் எத்தனை டிகிரி என்று கேட்டிருக்கிறேன்.

செல்வின் சித்தப்பா 8:31
தோவாளைப் பூச்சந்தை முழம் மாதிரி. ஆளுக்கு ஒரு கை.

அஜின் 8:31
அதேதான் சித்தப்பா 😀

விபின் அத்தான் 8:33
அஜின், ஆர்சி இன்னும் பாட்டா பெயரில்தான் இருக்கிறது. அதை முதலில் மாற்று. அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்று ஒன்று உண்டு. எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஏற்ற முடியாது.

அஜின் 8:34
ரோட்டுக்கு இல்லை அத்தான். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு. லாரியில் ஏற்றித்தான் போகும்.

பெரியப்பா மஸ்கட் 8:36
அந்த எஸ்டீமுக்கு 2001-ல் பணம் அனுப்பியது யார் என்று யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா?

செல்வின் சித்தப்பா 8:36
ஆரம்பித்துவிட்டார்

செல்வின் சித்தப்பா 8:37
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பெரியப்பா மஸ்கட் 8:37
நீக்குவதற்குள் வாசித்துவிட்டேன்.

ஷீபா மாமி 8:38
அண்ணா, ஞாயிறு நல்ல நாள்.

அஜின் 8:44
சரி, வால்வை மூடுகிற ஸ்பிரிங் விஷயம். இதுதான் முக்கியம். 1298 சிசி, போர் 74, ஸ்ட்ரோக் 75.5. 8000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 20 மீட்டர். கேம் அதில் பாதி, 4000. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 66 தடவை திறந்து மூட வேண்டும். 6500-லிருந்து 8000 என்றால் 23 சதவீதம்தானே என்று தோன்றும். வால்வைக் கேமோடு ஒட்ட வைக்கத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 50 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பழைய ஸ்பிரிங் அதற்குத் தாங்காது. மூட வேண்டிய நேரத்தில் வால்வு அந்தரத்தில் தொங்கும், கீழிருந்து பிஸ்டன் வரும். அவ்வளவுதான், எஞ்சின் போச்சு.

ஷீபா மாமி 8:45
மக்கா மெதுவாக ஓட்டு

அஜின் 8:48
ஸ்பிரிங் உயரமும் அளந்தேன். பொருத்திய உயரம் 36 மி.மீ. சுருள்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் உயரம் 26. 288 கேமின் லிஃப்ட் 9.5. மிச்சம் அரை மி.மீ.தான். ஒன்றாவது வேண்டும். ஸ்பிரிங்கை ரொம்ப முரடாகப் போட்டாலும் கேமும், அது வால்வை அழுத்தப் பயன்படும் ராக்கரும் சீக்கிரம் தேயும். அதனால் ஸ்பிரிங் தலையில் உட்காரும் ரிட்டெய்னரை எடை குறைத்து டைட்டானியத்தில் போடலாம் என்று அண்ணன் சொல்கிறார்.

ஷீபா மாமி 8:49
டைட்டானியமா? மாமா முட்டில் வைத்தது அதுதானே?

செல்வின் சித்தப்பா 8:50
அவர் ஆர்பிஎம் அதோடு குறைந்துவிட்டது

ஜெபா அக்கா 8:52
அஜின், என் மகளின் களிமண் டப்பா எங்கே? பச்சையும் நீலமும் காணோம். மூன்று நாளாக அழுகிறாள்.

அஜின் 8:53
…

ஜெபா அக்கா 8:53
லே

அஜின் 8:59
புதுசு வாங்கித் தருகிறேன் அக்கா. வேறு வழியில்லை. நண்பனிடம் 288 கேம் ஒன்று கடன் வாங்கி, நேற்று அளந்து பார்த்தேன். பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் நீலக் களிமண்ணை அப்பி, ஒட்டாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டையே போட்டு ஹெட்டை முறுக்கி, பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கழற்றிப் பார்த்தால் களிமண்ணில் வால்வின் அச்சு பிறை மாதிரி விழுந்திருக்கிறது. பிளேடால் குறுக்கே வெட்டி வெர்னியரில் அளந்தால் இன்லெட் பக்கம் மெல்லிய இடத்தில் 1.4 மி.மீ. இன்லெட்டில் 2, எக்ஸாஸ்டில் 2.5 இருந்தால்தான் நிம்மதி. சூட்டிலும் வேகத்திலும் எல்லாம் கொஞ்சம் நீளும், பெல்ட்டும் இழுபடும்.

அஜின் 9:00
பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இடிக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் உச்சி தாண்டி ஒரு 10 டிகிரியில்தான் இன்லெட் மிக நெருங்குகிறது, பிஸ்டன் இறங்கும்போது வால்வு துரத்திக்கொண்டு வருகிறது. எக்ஸாஸ்ட் உச்சிக்கு முன்னால் அதே அளவு.

விபின் அத்தான் 9:02
அப்போ 288 போட வேண்டுமென்றால்?

அஜின் 9:03
நாலு பிஸ்டனிலும் வால்வுக்கான குழியை ஆழப்படுத்தக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். 264-க்கு ஸ்பிரிங் மட்டும் மாற்றி 7500-ல் நிறுத்திக்கொள்ளலாம். ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், வளைவிலிருந்து வெளியே வரும் இழுவை இருந்தால்தான் வேலை நடக்கும். என் மனம் 264 பக்கம்.

செல்வின் சித்தப்பா 9:04
நீயே முடிவு பண்ணிவிட்டு எங்களிடம் எதற்குக் கேட்கிறாய்

அஜின் 9:05
பணம் 😬

ஷீபா மாமி 9:07
மக்கா, மழையில் ரப்பர் பால் வெட்டே இல்லை. ஷீட்டும் காயவில்லை. சீட்டுப் பணம் அடுத்த மாதம்தான்.

பெரியப்பா மஸ்கட் 9:08
நான் டிசம்பரில் வரும்போது பேசுவோம். வண்டி யாருக்கு என்பதையும் சேர்த்து.

செல்வின் சித்தப்பா 9:09
டிசம்பர் வரை சிலிண்டர் ஹெட் மேசையிலா?

பாட்டி 9:11
🎤 குரல் செய்தி (0:48)

ஜெபா அக்கா 9:14
கேட்க முடியாதவர்களுக்கு: "அந்த மேசையில் எண்ணெய்க் கறை வைத்தவனுக்கு ஞாயிறு சோறு கிடையாது. உங்கள் பாட்டா அந்த வண்டியை நாற்பதுக்கு மேல் ஒரு நாளும் ஓட்டியது இல்லை. மார்த்தாண்டம் போக ஒரு மணி நேரம் ஆக்குவார். எட்டாயிரம் என்றால் என்ன கணக்கு அது?" அப்புறம் கொஞ்சம் அழுகிறார்கள். அதை எழுதவில்லை.

ஷீபா மாமி 9:15
🙏

பெரியப்பா மஸ்கட் 9:21
அஜின், ஸ்பிரிங்குக்கு மட்டும் நான் அனுப்புகிறேன். கேமுக்கு உன் சித்தப்பாவைக் கேள்.

செல்வின் சித்தப்பா 9:22
288 என்றால் தருகிறேன்

அஜின் 9:23
சித்தப்பா!!

விபின் அத்தான் 9:24
எந்த கேம் போட்டாலும் ஞாயிறு காலை ஸ்டார்ட் பண்ணாதே. ஆராதனை நேரம்.

அஜின் 9:26
அதற்குள் முடியாது அத்தான். ஆனால் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுக் கேமை முதல் 20 நிமிடம் ஐடிலில் விடக்கூடாது, எண்ணெய் நன்றாகத் தெறித்து லோப் (கேமின் மேடு) மேல் விழ 2000-க்கு மேலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

ஜெபா அக்கா 9:27
அதை கோயம்புத்தூரில் போய்ப் பிடி.

அஜின் 9:52
அண்ணனிடம் பேசினேன். ஸ்பிரிங் உறுதி. கேம் 264-க்குக் குறித்து வைத்திருக்கிறார், திங்கள் வரை தொட மாட்டாராம். சாமானை யாராவது நாகர்கோவில் ரயிலில் கொண்டு வர முடியுமா?

செல்வின் சித்தப்பா 9:53
திங்களுக்குள் உன் மனம் மாறும்

ஜெபா அக்கா 9:55
பந்தல்காரர் நாளை காலை ஏழுக்கு வருகிறார். முற்றத்தில் வண்டி நிற்கிறது. யார் தள்ளுவது?

அஜின் 9:56
தள்ள முடியாது அக்கா. சக்கரம் நாலும் மாடியில் இருக்கிறது.

செல்வின் சித்தப்பா 9:56
எனக்கு முதுகுவலி